இன்னாசியம்மாவுக்குப் போட்ட அபராதம்

இல்ல ஃபாதர், தெரிஞ்சேதான் முட்டி போட்டுகினு கீறேன். இது பாவம் சொல்ற பொட்டின்னு எனக்கும் தெரியும். ஆமா, நான் உங்காளு இல்ல. நெத்தில கீறது குங்குமம்தான், விஜி வெச்சு உட்டா, எம் பொஞ்சாதி. பேரு வேம்புலி. மேனாம்பேடு ஸ்டாண்டுல ஆட்டோ ஓட்றேன்.

ஆபீஸ்ல வந்து பாக்குற விசயம் இல்ல ஃபாதர். அங்க நாலு பேரு குந்திகினு இன்னா விசயம், இன்னா விசயம்னுவாங்க. இங்கதான் வலைக்கு அந்தாண்ட நீங்க, இந்தாண்ட நானு. முக்கா மணி நேரம் லைன்ல நின்னுட்டு வந்துக்கீறேன். பின்னாடி பதினோரு பேரு நிக்கிறது தெரியும், தவக்காலம், எல்லாரும் ஒரே நாள்ல எறக்கி வெக்க வந்துட்டாங்க. நான் சுருக்கா சொல்லிட்டுப் போயிடறேன்.

இன்னாசியம்மா விசயம். போன மாசம் அடக்கம் பண்ணீங்களே, எம்பத்தோரு வயசு, அந்தம்மா. அன்னிக்குப் பிரசங்கத்துல நல்ல தாய், பாசமான பாட்டி, பக்தியான பெண்மணின்னீங்க. தப்பு சொல்லல ஃபாதர். நீங்க இந்தக் கோயிலுக்கு வந்தே அப்ப ரெண்டு வாரம்தான். எல்லாருக்கும் சொல்றதத்தான் சொன்னீங்க. நான் கடைசி பெஞ்சுல குந்திகினு, இவுரு யாரச் சொல்றாருன்னு யோசிச்சேன்.

பதினெட்டு வருசம் ஃபாதர். தெனிக்கும் விடிகாலைல அஞ்சரைக்கு அவுங்க ஊட்டு வாசல்ல வண்டி நிக்கும், ஆறு மணிப் பூசைக்கு இட்டாருவேன், திரும்ப இட்டுகினு போயி உடுவேன். மொத நாளு பேரு இன்னாம்மான்னு கேட்டேன். இன்னாசின்னாங்க. பேருதாம்மா கேட்டேன், பேரு இன்னான்னேன். இன்னாசி, இன்னாசின்னு ரெண்டு தபா சொன்னாங்க. சரி, நம்மளத்தான் திருப்பிக் கேக்குறாங்கன்னு, வேம்புலின்னு சொன்னேன். கோவம் வந்துட்ச்சு அவுங்களுக்கு. கோயிலு வர்ற வரிக்கும் பேசல. எறங்கும்போது, நாளைக்கு அஞ்சரைக்கு வா, வாயத் தொறக்காம வான்னாங்க.

புருசன் அம்பத்தூரு எஸ்டேட்ல பல்பு கம்பெனில வேல பாத்தவரு. பையனுக்கு ஆறு வயசு ஆவும்போது போயிட்டாரு. அந்தக் கம்பெனிலயே இவுங்க பேக்கிங்குக்குப் போயி, ஒத்தப் பையன், தனிஸ்லாசு, அவரப் படிக்க வெச்சு ஆவடில சர்க்கார் வேலைக்கு ஏத்தி உட்டாங்க. மருமவ மஸ்கட்ல நர்சு. அப்பால பேரன் ஜெரால்டு, பேத்தி ரெனிட்டா, ரெண்டையும் பால் பாட்டிலேந்து காலேஜ் வரிக்கும் வளத்தது இவுங்கதான். இது பிரசங்கத்துல வந்துச்சு. மீதி வரல.

வெள்ளம் வந்திச்சே, அந்த வருசம். சுரங்கப்பாதைல இடுப்பளவு தண்ணி. இன்னிக்கு வேணாம்மான்னேன். மாதா லீவு போட்டாங்களான்னு கேட்டாங்க. சுத்தி சுத்தி எப்பிடியோ வந்து சேந்தோம். கோயிலு பூட்டிக் கீது. அப்ப இருந்த சாமியாரு, வயசானவரு, மேல தூங்குறாரு. யாரு வருவாங்க அந்த மழைல. இவுங்க வாச்சப் பாத்தாங்க, ஆறு ஆயிட்ச்சு. நேரா போயி மணிக் கயித்தப் புடிச்சு இஸ்து உட்டாங்க. ஃபாதர், ஏரி ஒடஞ்சிட்ச்சுன்னு நெனச்சு மூணு தெரு ஜனம் மொட்ட மாடி ஏறிட்ச்சு. ஒருத்தரு ஆட்ட இடுப்புல தூக்கிகினு ஏறுனாரு. சாமியாரு லுங்கியோட ஓடியாராரு. இன்னாசிம்மா, மணி ஆறு அஞ்சு ஆவுது சாமின்றாங்க. அன்னிக்குப் பூசைல மொத்தம் மூணு பேரு. சாமியாரு, அவுங்க, நானு. எழுந்து நில்லு, குந்துன்னு எனக்குக் கண்ணாலயே சொல்லிகினு வந்தாங்க.

சிரிக்கலாம் ஃபாதர், தப்பில்ல.

பேரனுக்கு பாஸ்போட்டு காணாமப் போயிட்ச்சு, வெளிநாட்டு வேலைக்கு இன்டர்வியூ நாலு நாள்ல. காணாமப் போனதுக்கு அந்தோணியாராமே, உங்களுக்குத் தெரியும். ஒரு நாளு வேண்டுனாங்க, கெடைக்கல. ரெண்டாம் நாளு அந்தோணியாரத் தூக்கி ஃபிரிட்ஜுல வெச்சுட்டாங்க. காய்கறி டிரேல, கத்திரிக்காய்க்குப் பக்கத்துல. கண்டுபுடிச்சுக் குடுக்கற வரிக்கும் இங்கியே இரு அப்டின்னு. ரெனிட்டா பாப்பா என்னாண்ட வந்து, அங்கிள், நீங்களாச்சும் சொல்லுங்க, பாட்டி சாமியக் குளிர்ல வெச்சுக்கீறாங்கன்னு அழுதுச்சு. நான் எப்பிடிச் சொல்றது. மறுநா சாயங்காலம் பேரனோட பைக் சீட்டுக்கு அடில கெடச்சுது பாஸ்போட்டு. அந்தோணியார எடுத்து சால்வைல தொடச்சு, கன்னத்துல போட்டுகினாங்க. அவருக்கு ஜலதோசம் புடிச்சிருக்கும்னு அன்னிக்கு மெழுவத்தி ரெண்டா ஏத்துனாங்க.

பேத்தி பேங்கு பரிச்ச எழுதுச்சு. திருமுல்லைவாயல்கிட்ட ஒரு காலேஜு, எல்லாம் கம்பியூட்டர்ல. பாப்பா உள்ள போயிட்ச்சு. இவுங்க பைலேந்து ஒரு ஜூஸ் பாட்டில எடுத்தாங்க, உள்ள மந்திரிச்ச தண்ணி. வேளாங்கண்ணிலேந்து வந்தது. செவுத்தோரமா போயிகினே தெளிச்சாங்க. காம்பவுண்டச் சுத்திகினு போனா பின்னாடி ஜெனரேட்டரு ஓடுது. அதுக்கும் தெளிச்சாங்க. கொஞ்சமா இல்ல ஃபாதர், கஞ்சத்தனமே கெடையாது அவுங்களுக்கு. பட்டுன்னு ஒரு சத்தம். மொத்தக் காலேஜும் ஆஃப். நானூறு புள்ளைங்க வெளிய வந்து நிக்குது. பரிச்சய பத்து நாளு தள்ளி வெச்சுட்டாங்க. நான் அவுங்கள வண்டில தூக்கிப் போட்டுகினு அம்பத்தூரு வரிக்கும் பிரேக்கே புடிக்கல. பாப்பாக்கு இன்னும் பத்து நாளு படிக்கணும்னு மாதா முடிவு பண்ணிக்கீறாங்க, நாம இன்னா பண்றதுன்றாங்க. பாப்பா பாஸு ஃபாதர். இன்னிக்கு நூம்பல் பக்கம் பேங்குல குந்திக்கீது.

அந்தாண்ட ஒரு அம்மா இருமுறாங்க. எனக்குத்தான் இருமுறாங்க, தெரியுது. தோ முடிச்சிடறேன்.

எனக்கு எப்பிடி ஜெபம் தெரியும்னு கேக்குறீங்களா. வண்டில வரும்போது ஜெபமால சொல்லிகினே வருவாங்க. அதுல ஒரு செட்டப்பு கீது, உங்களுக்குத் தெரியாததா. ஒருத்தரு பாதி சொல்லணும், மீதிப் பாதிய இன்னொருத்தரு சொல்லணும். ஊட்ல யாரும் சொல்ல மாட்டாங்க. பையன் ஈஸ்டருக்கு ஈஸ்டர்தான் கோயிலப் பாப்பாரு. அதனால எனக்கு வாச்சுது. நான் அம்மன் கோயில்காரன்மான்னேன். உன்ன மதம் மாறச் சொல்லல, பாதி சொல்லுன்னாங்க. பாதி சொன்னா பாதிப் பாவம் ஒண்ணும் ஒட்டாதுன்னாங்க. பதினெட்டு வருசம் சொன்னா வாய் சும்மா கெடக்குமா. மண்ணூர்பேட்டைல ஒரு தண்ணி லாரிக்காரன் குறுக்க வந்துட்டான். எங்காளு எவனா இருந்தாலும் அவன் அம்மாவ இஸ்திருப்பான். எனக்கு வாய்ல வருது, அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவேன்னு. லாரிக்காரன் எறங்கி வந்து மன்னிச்சிடுங்க பிரதர்ன்றான். விஜி பயந்து போயி என்ன இட்டுகினு எங்க அம்மன் கோயில்ல நிக்க வெச்சா. பூசாரி தீபாராதன காட்டுறாரு, நான் ஆமென்னுட்டேன்.

சரி, விசயத்துக்கு வரேன்.

போன மாசம், கடைசி நாளு. சாயங்காலம்கூட ஆவல, மத்தியானம் மூணு மணி. ஆஸ்பத்திரில கையில ஊசி, மூக்குல பைப்பு. காலைலேந்து அவுங்க கேட்டுகினு இருந்தது ஒண்ணே ஒண்ணு. சாமியாரு எப்ப வருவாரு. பாவசங்கீர்த்தனம் பண்ணணும். தனிஸ்லாசு சாரு உங்களுக்குப் போன் மேல போன் போட்டாரு. நீங்களும் கெளம்பிட்டீங்க பாவம், பாடி மேம்பாலத்தாண்ட டிராபிக்குல மாட்டிகினீங்க. உங்க மேல ஒண்ணும் இல்ல ஃபாதர், அந்த ரோட்ட நான் தெனிக்கும் பாக்குறேன். சாரு உங்களுக்கு எதிர்ல வரேன்னு பைக்க எடுத்துகினு போனாரு. பாப்பா மருந்து வாங்கக் கீழ போச்சு. அங்கிள், பாட்டிகூட குந்துங்கன்னுட்டுப் போச்சு.

அன்னிக்கு என் தங்கச்சி ஊட்ல நிச்சயதார்த்தம், வெள்ள வேட்டி, வெள்ளச் சட்டையோட நேரா வந்திருந்தேன். காக்கி இல்ல. கண்ணாடியக் கயிட்டி வெச்சுட்டாங்க நர்சு, அது இல்லன்னா அவுங்களுக்கு ஆளு வெறும் கலர்தான். கதவையே பாத்துகினு கெடந்தவங்க என் பக்கம் திரும்பி, சாமி வந்துட்டீங்களான்னாங்க.

ஆமான்னுட்டேன்.

இன்னா பண்ணச் சொல்றீங்க ஃபாதர். ஒரு மணி நேரமா அந்தக் கண்ணு கதவாண்டயே கீது. இல்லம்மா, வேம்புலிம்மான்னு சொல்ல வாயத் தொறந்தேன், ஆமான்னுதான் வந்துச்சு. அவுங்க சிலுவ போட்டுகினு ஆரம்பிச்சுட்டாங்க. கையப் புடிச்சுகினாங்க, எழுந்து ஓடவும் முடியல. காத மூடலாம்னா ஒரு கைதான் கீது எனக்கு.

இன்னா பாவம்லாம் சொன்னாங்கன்னு சொல்ல மாட்டேன். நீங்க கேட்டாலும் சொல்ல மாட்டேன். சாமியாராண்ட சொன்னத சாமியாரு கழுத்துல கத்தி வெச்சாலும் சொல்லக் கூடாதுன்னு அவுங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. விஜி ஒரு மாசமா கேக்குறா, இன்னாய்யா ஒரு மாதிரி கீறன்னு. அவகிட்டயே சொல்லல. ஆனா கடைசிப் பாவம் ஒண்ணு என்னப் பத்தினது. அது என்னுதும்தான ஃபாதர். அத்த மட்டும் சொல்லலாம்ல.

நான் குடிகாரன் ஃபாதர். இப்ப இல்ல, அப்ப. அவுங்களுக்கு வண்டி ஓட்ட ஆரம்பிச்சு நாலஞ்சு வருசம் வரிக்கும். விஜி ரெண்டு தபா அவ அம்மா ஊட்டுக்குப் போயிட்டா. ஒரு நாளு நான் இன்னாசிம்மாவாண்ட சொன்னேன், தெனிக்கும் உள்ள போறியேம்மா, மாதாவாண்ட எனக்கும் ஒரு வார்த்த சொல்லு, இந்தக் கருமத்த உடணும்னு. சொல்றேன்னாங்க. அன்னிலேந்து தெனிக்கும் வெளிய வந்து ஏறும்போது கேப்பேன், சொன்னியாம்மா. சொல்லிட்டேன்னுவாங்க. நானும் யோசிப்பேன். ஒரு மனுசி நமக்கோசரம் தெனிக்கும் உள்ள போயி முட்டி போட்டுக் கெஞ்சிகினு வராங்க, நாம சாயங்காலம் போயி ஊத்திகினா காலைல எந்த மூஞ்சிய வெச்சுகினு வண்டிய நிறுத்துறதுன்னு. அப்பிடியே ஒரு நாளு உட்டேன், ரெண்டு நாளு உட்டேன். ஒரு வருசத்துல சுத்தமா நின்னு போச்சு. ஒரு டப்பா லட்டு வாங்கியாந்து அவுங்க கைல குடுத்தேன், உங்க மாதாவுக்குக் குடும்மான்னு. பன்னெண்டு வருசம் ஆச்சு ஃபாதர். வருசா வருசம் செப்டம்பர்ல பெசன்ட் நகர் மாதா கோயிலுக்கு நடந்தே போறேன், காவி கட்டிகினு. விஜியும் வருவா.

அன்னிக்குப் படுக்கைல சொல்றாங்க. சாமி, ஆட்டோக்காரப் புள்ள ஒண்ணு கீது, வேம்புலின்னு. குடிய உடணும்னு மாதாவாண்ட சொல்லச் சொல்லிச்சு. நான் ஒரு நாளும் சொல்லல சாமி. எம் பையன், மருமவ, பேரன், பேத்தி, அவுங்களுக்குக் கேட்டு முடிக்கறதுக்குள்ள பூசை முடிஞ்சிடும். வெளிய வந்து சொல்லிட்டேன்னு பொய் சொல்லுவேன். அப்பறம் அதுவே உட்டுட்டு, மாதா செஞ்சாங்கன்னு லட்டு வாங்கியாந்துச்சு. அந்த லட்ட நான் தின்னுட்டேன் சாமி. ரெண்டு.

எனக்கு எப்பிடி இருந்திருக்கும். தெனிக்கும் வாசல்ல வண்டில குந்திகினு, உள்ள நம்ம பேரு போவுதுன்னு நெனச்சுகினு இருந்தவன். சுத்தமா நம்ம பேரே போவல அங்க. அந்தம்மா சாவக் கெடக்குறாங்க, எனக்குக் கோவம் வருது ஃபாதர். அதான் என் பாவம். கையில ஊசியோட கெடக்குற ஒரு கெழவி மேல கோவம்.

பாவம் சொன்னா சாமியாரு அபராதம் போடுவாருன்னு தெரியும். எனக்கு அபராதம்னா டிராபிக் போலீசு போடறதுதான். இவுங்க வண்டில வந்து ஏறும்போது சொல்லுவாங்க, இன்னிக்கு மூணு அருள் நிறைந்த மந்திரம் போட்டாரு, அஞ்சு போட்டாருன்னு. அஞ்சுக்கு மேல யாரும் போட்டதில்ல. நான் போட்டேன் ஃபாதர். அம்பத்து மூணு. முழு ஜெபமால. அந்த வேம்புலிக்காகச் சொல்லுங்கன்னேன், கொரல மாத்திகினு.

இது ஜாஸ்தி சாமின்னு ஒரு வார்த்த சொல்லல. சரி சாமின்னாங்க.

ஜெபமாலய நர்சு வளையலோட சேத்துக் கயிட்டி வாங்கிட்டாங்க. அதனால என் கைய விரிச்சு, விரல் கணுவ ஒண்ணொண்ணாப் புடிச்சு எண்ணுனாங்க. இது வேம்புலிக்குன்னு சொல்லிட்டு மொதல்தச் சொன்னாங்க. பாதி சொல்லி நிறுத்துனாங்க. நானு பழக்க தோசத்துல மீதிப் பாதியச் சொல்லிட்டேன். என் சொந்தக் கொரல்ல. அப்ப கண்ணத் தொறந்து என்னப் பாத்தாங்க ஃபாதர். நல்லாப் பாத்தாங்க. அடுத்த கணுவப் புடிச்சாங்க.

மொத மூணு முடிஞ்சுது. அப்பால ஒரு பத்து. அப்பால இன்னொரு பத்து. மூச்சு எறைக்குது. போதும்மான்னேன், போதும்மா, உட்டுடும்மான்னேன். தலய ஆட்டிட்டு அடுத்ததச் சொன்னாங்க. மூணாவது பத்துல ஆறு. ஏழாவதுக்குக் கணுவப் புடிச்ச கை அப்பிடியே நின்னுட்ச்சு. அப்பதான் நீங்க ஓடியாந்தீங்க, எண்ணெ டப்பாவோட. என்ன செவுத்தோரம் தள்ளி நிக்கச் சொன்னீங்க. நெத்தில, கைல பூசுனீங்க. அதுக்கப்பறம் அவுங்க பேசல.

இன்னா ஃபாதர், இன்னா சொன்னீங்க.

ஓ. அந்த எண்ணெ பூசுனதுலயே அவுங்க பாவம் அத்தினியும் போயிடுமா. நான் போட்ட அபராதம் செல்லாதா. செல்லாதுன்னு நெஜமாவே சொல்றீங்களா. அப்ப அவுங்க அங்க நிம்மதியா இருப்பாங்க, ஃபிரிட்ஜுல வெச்சவரு மட்டும் ஏதாச்சும் கேப்பாரு. ரொம்ப சந்தோசம் ஃபாதர். நான் சாமியாருன்னு சொன்னதுக்கும், கோவப்பட்டதுக்கும் மன்னிப்பு கீதோ இல்லியோ, எங்காளுக்கு உண்டா இல்லியான்னு உங்க புஸ்தகத்துல பாத்துச் சொல்லுங்க, அவசரம் இல்ல.

அது மட்டும் இல்ல, இன்னொண்ணு. எனக்கு ஒரு மாசமா ஒரே யோசன. மாதாவாண்ட யாரும் சொல்லலன்னா அப்ப குடிய நிறுத்துனது யாரு. நானா. என்னால ஒரு நாளு டீய நிறுத்த முடியாது ஃபாதர். பன்னெண்டு வருசம் யாரோ புடிச்சுகினு கீறாங்கன்னு நெனச்சு நடந்துட்டேன், திரும்பிப் பாத்தா யாரும் இல்ல. இப்ப மெய்யாலுமே எனக்காக வேண்டுனதுன்னு கணக்குப் பாத்தா அந்த இருவத்தொம்போதுதான். இன்னும் இருவத்து நாலு சொல்லாம நிக்குது. அத்த நீங்க சொல்லுவீங்களா. நானே சொல்லிக்கலாம், மனப்பாடமா தெரியும். ஆனா மறுபடியும் நானேவான்னு இருக்கு.

இன்னிக்கே சொல்லிட்டா தேவல. லைன்ல நிக்கிறவங்க முடிஞ்ச அப்பறம்கூட, நான் வெளிய மரத்தடில குந்தி இருக்கேன். இல்ல, வண்டில குந்த மாட்டேன். வண்டில சீட்டுக்கு அடில ஒரு குவாட்டரு கீது. நேத்து வாங்குனது. மூடிய இன்னும் தொறக்கல.